வெள்ளவத்தையில் மூன்று ஓடிட் காலம்: நீண்ட தங்கலுக்கு வாடகை பேசிய அனுபவம்

எனக்குச் சொந்த இடம் யாழ்ப்பாணத்துச் சுண்ணாகம். வேலை கணக்காய்வு (ஓடிட்). மார்ச் 31இல் நிதியாண்டு முடிந்ததும் ஏப்ரல் தொடக்கம் ஜூன் கடைசி வரை கொழும்பில் நிற்க வேண்டும். 2023, 2024, 2025 என்று மூன்று வருடம் போய் வந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் எழுபது நாளுக்குக் குறையாத தங்கல். கம்பனி ஒரு நாளுக்கு இவ்வளவு என்று கணக்குப் பண்ணித் தரும். அதற்கு மேல் போனால் என் சம்பளத்தில்தான் கை வைக்க வேண்டும்.

எழுபது நாளுக்கு அனெக்ஸ் (வீட்டோடு சேர்ந்த தனி வாடகைப் பகுதி) தேடுவது வீண். நான் கேட்ட எல்லா இடத்திலும் ஆறு மாத முற்பணம் கேட்டார்கள். பெண்பிள்ளைகள் போடிங்கில் வாடகை குறைவு, ஆனால் இரவு ஒன்பது மணிக்குப் படலை பூட்டினால் எங்களுக்குச் சரிவராது. ஓடிட் காலத்தில் வேலை முடியவே ஒன்பது ஆகும். அதனால் ஹோட்டல் அல்லது லொட்ஜ்.

முதல் வருடம் பம்பலப்பிட்டியில் ஒரு ஹோட்டலுக்கு ஃபோன் பண்ணி ஒரு மாதத்துக்கு விலை கேட்டேன். “ஒரு இரவு 8,500” என்றார்கள். நல்ல விலை என்று போய் இறங்கிவிட்டேன். முதல் வாரத்துப் பில்லைக் கையில் தந்தபோது ஒரு இரவு 11,000 ரூபாயைத் தாண்டியிருந்தது. சேவைக் கட்டணம் 10 வீதம், அதற்கு மேல் சமூகப் பாதுகாப்பு வரி 2.5 வீதம், எல்லாவற்றுக்கும் மேல் அப்போதிருந்த வற் (பெறுமதி சேர் வரி) 15 வீதம். ஏழு இரவுக்குப் பதினேழாயிரத்துக்கு மேல் கூடிப்போனது. வரி சட்டப்படி சரி, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் ஒரு மாதம் தங்க வருகிற ஆளுக்கு ஃபோனிலேயே முழுத் தொகையைச் சொல்லியிருக்க வேண்டும். இதில் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்தான். 2024 ஜனவரி முதல் வற் 18 வீதம். இன்றைக்கு 10,000 என்று சொல்கிற அறை பில்லில் கிட்டத்தட்ட 13,300 ஆகும். அதனால் இப்போது நான் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: “எல்லாம் சேர்த்து நான் கையில் தர வேண்டிய காசு எவ்வளவு?”

வற்றில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. வருட விற்பனை ஒரு குறிப்பிட்ட எல்லைக்கு மேல் போனால்தான் வற்றுக்குப் பதிய வேண்டும். பத்துப் பன்னிரண்டு அறை உள்ள லொட்ஜ் பெரும்பாலும் அந்த எல்லையைத் தொடாது. பதியாத இடம் வற் வாங்கவும் முடியாது. சின்ன இடத்தில் பில்லில் வற் சேர்த்திருந்தால் பதிவு இலக்கத்தைக் கேளுங்கள்.

இரண்டாம் வருடம் அவசரப்படவில்லை. வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் மெரைன் டிரைவுக்கும் நடுவில், கடல் பக்கம் இறங்குகிற ஒரு ஒழுங்கையில் உள்ள லொட்ஜில் மூன்று இரவுக்கு மட்டும் ஒன்லைனில் போட்டேன். ஒரு இரவு 6,500. அந்த மூன்று இரவும் அறையைப் பார்ப்பதற்குத்தான். தண்ணீர் காலையில் எந்த வேகத்தில் வருகிறது, வைஃபை பத்து மணிக்குப் பிறகும் நிற்கிறதா, முதல் ரயில் எத்தனை மணிக்கு எழுப்புகிறது என்று பார்த்தேன். கடல் பார்த்த அறைக்கு எல்லோரும் ஆசைப்படுவார்கள். மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் அங்கே ஜன்னல் திறக்க முடியாது. என் அறையில் ஜன்னல் கொண்டி உப்புக்காற்றில் துருப்பிடித்து, தொட்டால் செம்மண் போல விரலில் ஒட்டியது. தோய்த்த சல்வார் இரண்டு நாளாகியும் காயவில்லை. பின்பக்கத்து அறையைக் கேட்டேன். அங்கே கடல் தெரியாது, ரயில் சத்தமும் பாதிதான், வாடகையும் குறைவு.

நான்காம் நாள் காலை, முதலாளி ஐயா கணக்குக் கொப்பியோடு முன்னுக்கு இருக்கிற நேரம் பார்த்துப் போய்க் கதைத்தேன்.

“ஐயா, எனக்கு ஜூன் கடைசி வரைக்கும் அறை வேணும். ஏஜென்டுக்குப் போற கொமிஷன் உங்களுக்கு மிச்சம். தினமும் கூட்டத் தேவையில்லை, கிழமைக்கு இரண்டு தரம் போதும். துவாய், பெட்சீட்டும் அப்பதான் மாத்தினால் சரி.”

“காசு எப்பிடிப் பிள்ளை?”

“ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வாற கிழமைக்கு முற்காசு. பற்றுச்சீட்டு மட்டும் வேணும்.”

கொப்பியில் மே, ஜூன் பக்கங்களைப் புரட்டினார். பாதி அறை காலி. கடைசியில் 4,200க்கு இறங்கினார். ஏசிக்குத் தனி மீற்றர், ஓடின யூனிட்டுக்குக் காசு. ஞாயிற்றுக்கிழமை மீற்றரை ஃபோனில் படம் எடுத்து அவருக்கும் காட்டுவேன். இரவில் எட்டு மணித்தியாலம் போட்டால் ஐந்து ஆறு யூனிட் ஓடும். இதில் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை.

விலை குறைந்ததற்கு என் பேச்சுத் திறமை காரணமில்லை. வெள்ளவத்தை லொட்ஜுகளுக்கு மே, ஜூன் மந்தமான காலம். ஜூலை, ஆகஸ்டில் கனடா, லண்டன் சனம் விடுமுறைக்கு வந்து கலியாணமும் நல்லூர்த் திருவிழாவும் என்று நிற்கும்போது இதே ஐயா இதே அறைக்கு ஐந்து சதமும் குறைக்க மாட்டார், குறைக்கவும் தேவையில்லை. காலியாக இருக்கிற அறையில் எழுபது நாளைக்குச் சிக்கலில்லாத ஒரு ஆள் என்பதுதான் அவருக்கு வேண்டியது.

ஒரு மாதக் காசை மொத்தமாகக் கொடுத்தால் இன்னும் குறைப்பார்கள். நான் கொடுக்க மாட்டேன். என்னோடு வேலை செய்கிற ஒருவர் வேறொரு இடத்தில் அப்படிக் கொடுத்து, பத்தாம் நாள் கூரை ஒழுகத் தொடங்கியும் காசு திரும்ப வராமல் அந்த ஈரத்திலேயே கிடந்தார். கிழமைக் காசு என்றால் அடுத்த ஞாயிறு பையைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம்.

அப்புறம் சித்திரை வருடப்பிறப்பு. ஏப்ரல் நடுவில் நான்கைந்து நாள் ஊருக்குப் போவேன். பொருட்கள் அறையிலேயே இருக்கும். அந்த இரவுகளுக்குப் பாதி வாடகை என்று 2025இல் முதல் நாளே பேசிக் கொப்பியில் எழுதுவித்தேன். போய்விட்டு வந்து கேட்டால் யாரும் தர மாட்டார்கள்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு ஒன்று. பெரிய ஹோட்டல்களில் உள்நாட்டவருக்கு ஒரு விலை, வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கு டொலரில் வேறு விலை. இரட்டைப் பிரஜாவுரிமை இருந்தால் இங்கத்தைய அடையாள அட்டையைக் கொண்டு வாருங்கள். வதிவிட விசாக்காரருக்கும் உள்நாட்டு விலை கொடுக்கிற இடங்கள் உண்டு; பதிவு பண்ண முன்னமே கேட்க வேண்டும். சமையலறையோடு இடம் வேண்டுமென்றால் ஏர்பிஎன்பியில் 28 இரவு போட்டுப் பாருங்கள். மாத விலைக் கழிவு அந்தக் கணக்கில்தான் விழும். 25 நாள் தங்குகிறவருக்கும் 28 போட்டால் சில நேரம் மொத்தம் குறைந்து வரும்.

போன முறை அறையை விடும்போது, அடுத்த ஏப்ரலுக்கும் அதே பின்பக்கத்து அறையைச் சொல்லி வைத்தேன். வாடகை பற்றிக் கேட்டதற்கு ஐயா, “இதே வாடகைதான் பிள்ளை, கரண்ட் மட்டும் அப்ப இருக்கிற விலைக்குப் பாப்பம்” என்றார். அதையும் கொப்பியில் எழுதச் சொன்னேன். எழுதினார்.