வாசலில் லாரி நிற்கிறது, எந்தப் பரிசோதனை செய்வது?

தை பிறந்து ஆத்தூர், தலைவாசல் பக்கம் மக்காச்சோள அறுவடை சூடு பிடித்தால் எங்கள் மில் வாசலில் விடிவதற்குள் லாரி வந்து நிற்கும். டிரைவர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் நான் சொல்லியாக வேண்டும்: இறக்கலாமா, திருப்பலாமா? ஈரப்பதம் பார்க்க மீட்டர் இருக்கிறது. தூசியும் உடைசலும் கண்ணுக்கே தெரியும். தெரியாமல் வருவது அஃப்ளாடாக்சின், தானியத்தில் பிடிக்கும் பூஞ்சை உண்டாக்கும் நஞ்சு.

எங்களுடையது மாட்டுத் தீவனம் கலக்கும் சின்ன மில். கொள்முதல் என் பொறுப்பு. அஃப்ளாடாக்சினைக் கண்டுபிடிக்க ஸ்ட்ரிப், எலைசா, எச்பிஎல்சி என்று மூன்று வழிகள் உண்டு. மூன்றுக்கும் பணம் கட்டிப் பார்த்துவிட்டேன். எது சரி என்று அடிக்கடி கேட்கிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

முதலில் எவ்வளவு சின்ன அளவைத் தேடுகிறோம் என்று பார்த்துவிடலாம். மாட்டுத் தீவனத்துக்கான இந்தியத் தரநிலை அஃப்ளாடாக்சினில் பி1 என்ற வகைக்கு வைத்திருக்கும் உச்சவரம்பு 20 பிபிபி, அதாவது கிலோவுக்கு 20 மைக்ரோகிராம். 50 கிலோ மூட்டை முழுவதற்கும் சேர்த்து ஒரே ஒரு மில்லிகிராம். மாடு தின்ற பி1-ல் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று முதல் ஆறு பங்கு வரை எம்1 என்று உருமாறிப் பாலில் இறங்கும். பாலுக்கு வரம்பு இன்னும் கடுமை, கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம்தான். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. அதில் 368 மாதிரிகளில் எம்1 வரம்பைத் தாண்டியிருந்தது. அந்தப் பட்டியலில் முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு. பால்காரர் தண்ணீர் கலந்தாரா என்று சண்டை போடுகிறோம், மாடு என்ன தின்றது என்று கேட்பதில்லை.

சரி, ஸ்ட்ரிப். அரைத்த மாவில் கரைசலை ஊற்றிக் குலுக்கி, தெளிந்ததில் சில சொட்டு எடுத்துப் பட்டையில் விட்டால் பத்து நிமிடத்துக்குள் பதில் வந்துவிடும். லாரியை நிறுத்தி வைத்துக்கொண்டு செய்ய இதைவிட்டால் வேறு வழியில்லை. ஆனால் இதில் ஒரு குழப்பம் உண்டு. கர்ப்பம் பார்க்கும் பட்டையில் இரண்டு கோடு வந்தால் ‘உண்டு’. இங்கே அப்படியே தலைகீழ். நஞ்சு இருந்தால் சோதனைக் கோடு மங்கும் அல்லது வராது, இரண்டு கோடும் பளிச்சென்று தெரிந்தால்தான் சரக்கு தப்பித்தது. புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் முதல் நாளே நல்ல லாரியைத் திருப்பி அனுப்பப் பார்த்தான்!

வெயிலும் ஸ்ட்ரிப்பைக் கெடுக்கும். ஒரு சித்திரையில் டப்பாவைத் தகரக் கொட்டகையிலேயே விட்டுவிட்டேன். சேலத்துச் சித்திரையில் தகரத்தின் கீழ் என்ன சூடு இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. எப்போதும் வர வேண்டிய கட்டுப்பாட்டுக் கோடே மங்கிவிட்டது. மீதி முழுவதையும் குப்பையில் போட்டேன். தப்பு என்னுடையதுதான், எந்தச் சூட்டுக்குள் வைக்க வேண்டும் என்று டப்பாவிலேயே அச்சிட்டிருந்தார்கள்.

ஸ்ட்ரிப்பைப் போலவே எலைசாவும் நஞ்சைப் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்பொருளை வைத்துத்தான் வேலை செய்கிறது, 96 குழி கொண்ட தட்டில் நடக்கிறது. இங்கேயும் நிறம் குறையக் குறைய நஞ்சு அதிகம். எண்ணாகவே பதில் கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் அளவு தெரிந்த கரைசல்களை முதலில் சில குழிகளில் ஓட்டியாக வேண்டும். ஒரே ஒரு லாரிக்காக இதைத் திறப்பது ஒரு இட்லிக்கு அடுப்பு மூட்டுகிற கதை. ஒரு நாளைக்கு இருபது, முப்பது மாதிரி வரும் பெரிய கோழித் தீவன ஆலைக்கு அருமையானது. எங்களைப் போன்றவர்களுக்கு வேண்டாம். வாங்கிய கிட்டில் பாதி ஃப்ரிட்ஜிலேயே காலாவதியானது.

எச்பிஎல்சி ஆய்வுக்கூட வேலை. சாற்றை வடிகட்டி, அஃப்ளாடாக்சினை மட்டும் பிடித்துக்கொள்ளும் குழாய் வழியாக விட்டுச் சுத்தப்படுத்தி, பிறகு பி1, பி2, ஜி1, ஜி2 என்ற அதன் நான்கு வகைகளையும் தனித்தனியாகப் பிரித்து அளக்கிறார்கள். இந்தத் தனித்தனிக் கணக்கு முக்கியம். தீவனத்துக்கு வரம்பு பி1-க்கு மட்டும். பல ஸ்ட்ரிப்புகள் நான்கையும் கூட்டி மொத்தமாகச் சொல்லும். இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துச் சண்டை போட்ட வியாபாரிகளைப் பார்த்திருக்கிறேன். இருவர் கையிலும் இருந்தது சரியான ரிப்போர்ட்தான். இதற்கும் மேல் எல்சி-எம்எஸ் உண்டு. பல பூஞ்சை நஞ்சுகளை ஒரே ஓட்டத்தில் பார்த்துவிடும், பூச்சிமருந்து எச்சத்துக்கும் அதுதான் கை கொடுக்கும். ஏற்றுமதி செய்பவருக்குத் தேவை. உள்ளூர் மாட்டுக்கு அது வரை போக வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

எங்களுக்கு நாமக்கல் பக்கத்தில் இருப்பது வசதி. கால்நடை மருத்துவக் கல்லூரியிலேயே தீவனப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. சேலத்திலும் அரசின் உணவுப் பகுப்பாய்வுக் கூடம் உண்டு, அது மனிதர் உண்பவற்றுக்கு. தனியார் கூடத்துக்குப் போனால், ஆய்வுக்கூடங்களைச் சரிபார்க்கும் தேசிய வாரியமான என்ஏபிஎல்-லின் அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது. அந்த அங்கீகாரப் பட்டியலில் ‘தீவனம், அஃப்ளாடாக்சின்’ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். குடிநீருக்கு வாங்கிய அங்கீகாரம் மக்காச்சோளத்துக்கு உதவாது.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அஃப்ளாடாக்சினில் அந்தப் பழமொழி செல்லாது. பூஞ்சை எல்லா மணியிலும் சமமாக உட்காருவதில்லை. ஆயிரம் மணி சுத்தமாக இருக்கும், அடுத்தது நஞ்சு மூட்டையாக இருக்கும். ஒரே மக்காச்சோள மணியில் 4 லட்சம் பிபிபி வரை அளந்திருக்கிறார்கள். கணக்குப் போட்டால் அப்படிப்பட்ட ஒரே மணி ஆறு கிலோ சுத்தமான சரக்கை 20 பிபிபி-க்கு ஏற்றிவிடும். லாரியின் மேல் மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி எவ்வளவு விலையுள்ள இயந்திரத்தில் போட்டாலும், அந்தக் கைப்பிடிக்கு மட்டும்தான் அது பதில் சொல்லும். ரிப்போர்ட்டின் அடியில் ‘பெறப்பட்ட மாதிரிக்கு மட்டும்’ என்று போட்டிருப்பது அதற்காகத்தான். ஒருமுறை ஒரே லோடை இரண்டு இடத்துக்கு அனுப்பினேன். ஒன்றில் 9, இன்னொன்றில் 31. கூடத்தைத் திட்டினேன். பிறகு யோசித்தால், இரண்டு பையையும் லாரியின் வெவ்வேறு மூலையில் நிரப்பியவன் நானே.

ஆகவே ஸ்ட்ரிப்பா எச்பிஎல்சியா என்ற கேள்விக்கு முன்னால் குத்தூசி இருக்கிறது. மேல், நடு, அடி, முன், பின் என்று பல மூட்டைகளில் குத்தி, ஐந்து கிலோவாவது சேர்த்து, அத்தனையையும் மொத்தமாக அரைத்து, அப்புறம்தான் பங்கு பிரிக்க வேண்டும். முழு மணியாகப் பங்கு பிரித்தால் நஞ்சு மணி எந்தப் பக்கம் போனதோ, யாருக்குத் தெரியும்? நன்றாக எடுத்த மாதிரியில் செய்த ஸ்ட்ரிப், மோசமாக எடுத்த மாதிரியில் செய்த எச்பிஎல்சியைவிட மேல் என்று நான் தைரியமாகச் சொல்வேன்.

சிலர் என்ஐஆர் ரிப்போர்ட்டைக் காட்டி ‘டெஸ்ட் ஆயிடுச்சு சார்’ என்பார்கள். அது ஈரம், புரதம், நார் பார்க்கும் கருவி. பிபிபி அளவு நஞ்சு அதன் கண்ணில் படாது. புற ஊதா விளக்கில் பச்சை மஞ்சளாக மின்னுகிறதா என்று பார்ப்பதும் உண்டு. அது பூஞ்சை வந்துபோனதற்கான தடயம், நஞ்சின் அளவு அல்ல. சந்தேகப்பட உதவும், அவ்வளவுதான்.

நம்மூருக்கே உரிய சிக்கல் ஒன்று, மரவள்ளித் திப்பி, அதாவது மாவெடுத்த பிறகு மிஞ்சும் சக்கை. ஜவ்வரிசி ஆலைகளிலிருந்து ஈரமாக வந்து களத்தில் காய்கிறது, நடுவில் ஒரு மழை அடித்தால் பூசணம். மக்காச்சோளத்துக்கென்று சரிபார்த்த ஸ்ட்ரிப்பைத் திப்பிக்குப் போட்டு வரும் கோட்டை நான் நம்புவதில்லை. எந்தப் பொருளுக்கு இந்தக் கிட் என்று பட்டியல் உள்ளே இருக்கும், அதில் திப்பி இல்லையென்றால் நேராக ஆய்வுக்கூடம்தான்.

இப்போதெல்லாம் 14 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் ஸ்ட்ரிப் செலவே இல்லாமல் லாரி திரும்பும். அதற்குக் கீழ் என்றால் வாசலிலேயே ஸ்ட்ரிப். கோடு மங்கினால், அல்லது புது வியாபாரி என்றால், அரைத்த மாவில் ஒரு பங்கு நாமக்கல்லுக்குப் போகும். இன்னொரு பங்கு டிரைவர் கையெழுத்துடன் முத்திரை வைத்து எங்கள் ஃப்ரிட்ஜில் இருக்கும், பணம் பட்டுவாடா முடியும் வரை.