பழைய ஃபைபர் படகுக்கு எந்த எஞ்சின்: லாங் டெயிலா, அவுட்போர்டா, இன்போர்டா?

சித்தப்பாவின் படகு 28 அடி ஃபைபர் படகு. சுனாமிக்கு அடுத்த வருடம் வந்தது. அன்றிலிருந்து சென்னை பட்டினப்பாக்கம் மணலில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. அதிலிருந்த லாங் டெயில் டீசல் எஞ்சின் (நீண்ட தண்டின் நுனியில் ப்ரொப்பெல்லர் சுழலும் வகை) புகை தள்ள ஆரம்பித்ததும் வீட்டில் பேச்சு தொடங்கியது. அதையே பிரித்துச் செய்வதா, படகின் பின்னால் வெளியே மாட்டும் அவுட்போர்டுக்கு மாறுவதா, காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் சிலர் சொன்னபடி உள்ளேயே ஒரு இன்போர்டு வைத்துவிடுவதா என்று மூன்று மாதம் பேசினோம். நடுவில் ஒரு தப்பும் செய்தோம். அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தப்பு. அவசரத்தில் ஒரு பழைய அவுட்போர்டை வாங்கிப் பின்பலகையில் மாட்டிவிட்டோம். லாங் டெயிலின் பாரம் பெரும்பாலும் அதன் இரும்பு ஃப்ரேம் வழியாகப் படகுக்குள் இறங்கும். அவுட்போர்டு அப்படியில்லை. அதன் எடையும் உந்துவிசையும் முழுக்கப் பின்பலகையில்தான் விழும். மூன்றாவது வாரம், கரையலையில் ஏறி வரும்போது பலகையின் மூலையில் விரிசல் விட்டது. உள்ளே பார்த்தால் ஃபைபர் தோலுக்கு நடுவே இருந்த ப்ளைவுட் கறுத்துப்போய், கையால் பிசைந்தால் உதிர்ந்தது. "முதல்ல பலகையைத் தட்டிப் பாத்திருக்கணும்டா" என்றார் சித்தப்பா. எஞ்சின் விலை விசாரிக்கப் போகுமுன் இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

தட்டிப் பார்ப்பது எளிது. சுத்தியலின் கைப்பிடியால் பலகை முழுக்க மெதுவாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் கணீரென்று கேட்கும், உளுத்த இடத்தில் பொத்தென்று கேட்கும். சந்தேகமான இடத்தில் போல்ட்டைக் கழற்றி, அந்த ஓட்டையில் ஒரு மெல்லிய டிரில் விடுங்கள். வரும் தூள் வெளுத்து உலர்ந்திருந்தால் சரி. ஈரமாகக் கறுப்பாக வந்தால் உள்பக்கத் தோலை அறுத்து, பழைய ப்ளைவுட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிது வைக்க வேண்டும். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் ப்ளைவுட் வாங்குங்கள். சாதாரணப் பலகையை வைத்து மிச்சம் பிடிக்கும் இடம் இது இல்லை.

ஃபைபரையும் மரத்தையும் ஒட்டப் பூசும் பிசினிலும் இரண்டு வழி உண்டு. பாலியெஸ்டர் மலிவு, நம் ஆட்களுக்குக் கைவந்தது. எபாக்ஸி விலை அதிகம், ஆனால் பழைய ஃபைபரிலும் மரத்திலும் நன்றாகப் பிடிக்கும். படகின் ஓட்டில் வெறும் கீறல் என்றால் பாலியெஸ்டர் போதும். பின்பலகைக்கு எபாக்ஸிதான் என்பது என் முடிவு. ஆனால் எபாக்ஸிக்கு வழக்கமான வெள்ளை மேட்டை (கண்ணாடி இழை விரிப்பை) பயன்படுத்தாதீர்கள். அந்த மேட்டின் இழைகளைச் சேர்த்து வைத்திருக்கும் பசை பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும், எபாக்ஸியில் கரையாது. நெய்த துணி வாங்க வேண்டும். விரிசலைச் சுற்றிச் சரிவாகத் தேய்க்கும்போது ஓட்டின் கனத்தைப்போல 12 மடங்கு அகலம் வேண்டும். 6 மி.மீ. ஓடு என்றால் 7 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல். பாலியெஸ்டர் வேலையில் பிசினை இறுக வைக்கச் சேர்க்கும் கோபால்ட்டையும் ஹார்டனரையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றாக ஊற்றக் கூடாது, வெடிக்கும். ஒன்றைப் பிசினில் நன்றாகக் கலந்த பிறகுதான் மற்றது.

பருவமும் பார்க்க வேண்டும். மே வெயிலில் பிசின் தடவுவதற்குள் இறுகிவிடும். வாடை மழையில் ஈரம் சேர்ந்து சரியாகப் பிடிக்காது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் எல்லாம் பழுது வேலைக்கு ஏறிவிடுவதால், காசிமேட்டில் நல்ல ஃபைபர் ஆள் கிடைப்பதும் கடினம். பிப்ரவரி, மார்ச்தான் நாங்கள் கண்ட நல்ல நேரம்.

இனி எஞ்சின். எத்தனை எச்.பி. என்ற கேள்வியில்தான் பலர் காசை விடுகிறார்கள். தண்ணீரைப் பிளந்து ஓடும் படகுக்கு ஒரு வேக வரம்பு உண்டு. நீர்மட்டத்தில் படகின் நீளம் 25 அடி என்றால், அதன் வர்க்கமூலம் 5, அதை 1.34-ஆல் பெருக்கினால் சுமார் 6.7 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல் என்ற கணக்கு). அதாவது மணிக்கு 12 கிலோமீட்டர் சொச்சம். அதைத் தாண்ட வேண்டுமானால் படகு தண்ணீர் மேல் எழும்பி ஓட வேண்டும். வலை, ஐஸ், நாலு ஆள் என்று பாரம் ஏற்றிய படகை 10 எச்.பி. அப்படித் தூக்காது, 15-ம் சிரமம்தான். ஆகவே 10-லிருந்து 15-க்குப் போனால் எண்ணெய்ச் செலவு ஏறும் அளவுக்கு வேகம் ஏறாது. கவளை வலை, நண்டு வலை போடுகிறவருக்கு 10 எச்.பி. போதும். தூரத்துக்குத் தூண்டிலுக்குப் போய், மீனை முதல் ஆளாக ஏலத்துக்குக் கொண்டுவர வேண்டியவர் 25-க்கு மேல் யோசிக்கலாம். நடுவில் நிற்பதுதான் நஷ்டம்.

லாங் டெயிலின் பலம், அது கரைப் படகுக்கு ஏற்றது என்பதே. காற்றில் குளிரும் எஞ்சின் என்பதால் உப்புத் தண்ணீர் உள்ளே போவதில்லை. மணல் தட்டும் நேரத்தில் தண்டைத் தூக்கிவிடலாம். ரிங், நாசில், ஸ்லீவ் எதுவானாலும் குப்பத்திலேயே பிரித்து மாட்டுகிற மெக்கானிக் இருக்கிறார். குறைகளும் உண்டு. நாள் முழுக்க அந்தச் சத்தத்தில் அமரத்தில் (படகின் பின்பகுதியில்) உட்கார்ந்து சித்தப்பாவுக்கு ஒரு காது மந்தமாகிவிட்டது. அதிர்வில் ஃப்ரேம் போல்ட்டுகள் தளரும், அந்த ஓட்டை வழியாகத்தான் தண்ணீர் பலகைக்குள் இறங்கும். எங்கள் எஞ்சினைப்போல கியர் இல்லாதவற்றில் ரிவர்ஸும் கிடையாது.

டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு எடை குறைவு. 9.9 எச்.பி. யமஹாவோ சுசுகியோ ஏறத்தாழ 36 கிலோ, ஒரே ஆள் கழற்றித் தோளில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோகலாம். திருட்டுப் பயம் உள்ள கரையில் இது பெரிய நன்மை. ஃபோர் ஸ்ட்ரோக் அதைவிடச் சில கிலோ கூடுதல், சத்தமும் புகையும் மிகவும் குறைவு. மண்ணெண்ணெயில் ஓடும் மாடல்களும் உண்டு. அவற்றைப் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து பிறகு மாற்ற வேண்டும், அணைக்குமுன் மறுபடி பெட்ரோலுக்கு வர வேண்டும். இதை மறக்கிறவர்கள்தான் மறுநாள் கயிறு இழுத்தே களைத்துப்போகிறார்கள்.

அவுட்போர்டு எதுவானாலும் கடல் தண்ணீரை உறிஞ்சித்தான் குளிரும். கரைக்கு வந்ததும் பாதியாக அறுத்த டிரம்மில் நல்ல தண்ணீர் ஊற்றி ஐந்து பத்து நிமிடம் ஓட விட்டால்தான் உப்பு கழுவப்படும். குடிக்கவே லாரித் தண்ணீருக்குக் குடம் வைக்கும் குப்பத்தில் தினமும் அதைச் செய்கிறவர் எத்தனை பேர்? நாங்கள் வாங்கிய பழைய எஞ்சினில் தண்ணீர் போகும் வழியெல்லாம் உப்புக்கட்டி. கரையேறும்போது மணலையும் சேர்த்து உறிஞ்சினால், தண்ணீரை இழுக்கும் பம்பின் சக்கரமான இம்பெல்லர் தேயும். பழையது வாங்கினால் அடியிலுள்ள கியர் ஆயிலைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் சீல் போய்விட்டது, விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

எண்ணெய்க் கணக்கு இது. 10 எச்.பி. அளவில் முழு வேகத்தில் மணிக்கு டீசல் லாங் டெயில் இரண்டே கால் லிட்டர், ஃபோர் ஸ்ட்ரோக் பெட்ரோல் மூன்றரை, டூ ஸ்ட்ரோக் நாலரை லிட்டர் என்ற அளவில் குடிக்கும். எஞ்சின் ஆறு மணி நேரம் ஓடும் நாளுக்கு 14, 21, 27 லிட்டர். டூ ஸ்ட்ரோக்குக்கு 50-க்கு 1 என்று ஆயிலும் கலக்க வேண்டும், அது தினம் அரை லிட்டருக்கு மேல். வருடத்தில் 200 நாள் கடலுக்குப் போனால் லாங் டெயிலுக்கு 2,800 லிட்டர் டீசல். எஞ்சின் பொருத்திய நாட்டுப்படகுக்கு வரி விலக்கு டீசல் 2023 அறிவிப்பின்படி வருடத்துக்கு 4,400 லிட்டர். அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. எங்கள் வீட்டு விவாதத்தை முடித்தது இந்தக் கணக்குதான்.

இன்போர்டு டீசல் துறைமுகத்தில் மிதந்தபடி நிற்கும் படகுக்கு அருமையானது. எடை நடுவில், தாழ இருக்கும், படகு ஆடாது. ஆனால் தண்டும் ப்ரொப்பெல்லரும் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும், மணலில் இழுக்க முடியாது. 1979-ல் சென்னையைத் தலைமையிடமாக வைத்துத் தொடங்கிய ஐ.நா. உணவு வேளாண் நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டம் இதற்காகவும் உழைத்தது. எஞ்சினும் தண்டும் ஒன்றாகச் சாய்ந்து ப்ரொப்பெல்லர் மேலே ஏறிக்கொள்ளும் அமைப்பை உருவாக்கினார்கள். அழகான யோசனை. இன்று நம் கரையில் அதைப் புதிதாகச் செய்து, கெட்டால் சரி செய்து கொடுக்க ஆள் தேட வேண்டும். அதோடு இன்போர்டு வைத்தால் தண்டின் நேர்கோட்டைப் படகு தண்ணீரில் மிதக்கும்போது மறுபடி சரிபார்க்க வேண்டும். கரையில் இருக்கும்போது ஃபைபர் ஓடு வேறு வடிவில் வளைந்திருக்கும்.

மின்சார மோட்டார் பற்றியும் கேட்கிறார்கள். 7 கிலோவாட் வீதம் ஆறு மணி நேரம் என்றால் 42 யூனிட், அதற்கு பேட்டரி மட்டும் சுமார் 300 கிலோ. பழவேற்காடு ஏரிக்குள் குறைந்த நேரம் ஓட்டுகிறவருக்குச் சரிப்படலாம்.

ஆக, காசிமேட்டிலோ கழிமுகத்திலோ படகு மிதந்து நிற்கிறது, நல்ல தண்ணீர் கையருகே உண்டு, வேகம் வேண்டும் என்றால் தயங்காமல் ஃபோர் ஸ்ட்ரோக். டூ ஸ்ட்ரோக்கை இன்று புதிதாக வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பட்டினப்பாக்கம், நொச்சிக்குப்பம்போல தினமும் மணலில் ஏறும் படகுக்கு லாங் டெயில்தான்.

பழையதையே பிரித்துச் செய்வதா, புதிதா என்பதற்கு ஒரு அளவு வைத்துக்கொண்டோம். ரிங், ஸ்லீவ், நாசில் மட்டும் என்றால் செய்யலாம். க்ராங்க் ஷாஃப்ட்டும் தேய்ந்திருந்தால் புதிது. எங்களுடையதில் க்ராங்க் நன்றாக இருந்தது. போன மார்ச்சில் பின்பலகையை மாற்றி, ஃப்ரேம் போல்ட் ஒவ்வொன்றையும் சீலன்ட் வைத்து இறக்கி, அதே எஞ்சினைப் புதுப்பித்து மாட்டினோம். சித்தப்பாவுக்குக் காதுக்கு மாட்டும் இயர் மஃப் ஒன்றும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். புது எஞ்சின் வாங்குகிறவர்கள் மீன்வளத் துறை அலுவலகத்தில் மானியம் கேட்டுவிட்டு வாங்குங்கள். மாட்டியதும் பதிவுச் சான்றில் எஞ்சின் எண்ணையும் மாற்றிக்கொள்ளுங்கள்.