இரண்டு லைன், ஒரு கேட்வே: மைக்ரோடிக்கா, பிஎஃப்சென்ஸா, ஓபன்டபிள்யூஆர்டியா?

சின்ன அலுவலகம், இரண்டு இன்டர்நெட் லைன். முதல் லைனில் ஸ்டாட்டிக் ஐபி இருக்கிறது. வாடிக்கையாளரின் சர்வர் அந்த ஐபியிலிருந்து வந்தால்தான் உள்ளே விடும் என்பதால், கணக்குப் பிரிவு எப்போதும் அதில்தான் போக வேண்டும். விருந்தினர் வைஃபைக்கு மலிவான இரண்டாவது லைன் போதும். சாதாரண ரவுட்டிங் பாக்கெட் எங்கே போகிறது என்று மட்டும்தான் பார்க்கும். யாரிடமிருந்து வருகிறது என்றும் பார்த்து வழி பிரிக்கத்தான் பாலிசி ரவுட்டிங். மைக்ரோடிக் (ரவுட்டர்ஓஎஸ் ஓடும் ரவுட்டர்), பிஎஃப்சென்ஸ் (பிசியில் ஏற்றும் ஃபயர்வால் மென்பொருள்), ஓபன்டபிள்யூஆர்டி (ரவுட்டரில் ஏற்றும் திறந்த மென்பொருள்) என்ற மூன்று சிஸ்டத்திலும் இதைச் செய்யலாம், எதிலும் அரை நாள் வேலைக்கு மேல் ஆகாது. ஒரு லைன் படுத்துவிட்டால் என்ன நடக்கிறது என்று பார்க்கும்போதுதான் மூன்றும் மூன்று திசையில் போகின்றன.

மைக்ரோடிக்கில் இரண்டு வழி உண்டு. ஒரு சப்நெட் (ஒரு பிரிவின் ஐபி தொகுதி) முழுவதையும் திருப்பினால் போதுமென்றால் ரவுட்டிங் ரூல் ஒன்று எழுதினாலே வேலை முடிந்தது. போர்ட், புரோட்டோகால் பார்த்துப் பிரிக்க வேண்டுமென்றால் மேங்கிளில், அதாவது பாக்கெட்டுக்கு அடையாளம் ஒட்டும் ஃபயர்வால் பகுதியில், போய் மார்க் போட வேண்டும். ரவுட்டர்ஓஎஸ் 6இல் மார்க்குக்கு ஒரு பெயர் கொடுத்தாலே அதற்கான ரவுட்டிங் டேபிள் (எந்த முகவரிக்கு எந்த வழி என்ற பட்டியல்) தானாக வந்துவிடும். 7இல் அப்படியில்லை, டேபிளை முதலில் உருவாக்கி 'ஃபிப்' என்பதை டிக் செய்ய வேண்டும். பழைய வழிகாட்டிகளைப் பார்த்துச் செய்பவர்கள் இங்கேதான் முட்டிக்கொள்கிறார்கள்.

அதைத் தாண்டினால் ஃபாஸ்ட்ட்ராக் காத்திருக்கும்: வேகத்துக்காகப் பாக்கெட்டை ஃபயர்வால் படிகளைத் தாண்டி அனுப்பும் வசதி. வீட்டு, சிறு அலுவலக மாடல்களின் டிஃபால்ட் ஃபயர்வாலிலேயே இது இருக்கிறது. இணைப்பின் முதல் பாக்கெட் மேங்கிளில் மார்க் வாங்கி இரண்டாவது லைனில் போகும். இணைப்பு உறுதியான பிறகு வருபவை மேங்கிளைத் தொடாமலே முதல் லைனுக்கு ஓடும். பிரவுசரில் பக்கம் பாதி திறந்து அப்படியே நிற்கும். பிங் ஒழுங்காக வருவதால் சந்தேகம் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை ஐபியாக மாற்றுவது) மேல் போய்விடும். மேங்கிளில் கனெக்‌ஷன் மார்க்கும் போட்டு, மார்க் இல்லாத இணைப்புகளை மட்டும் எடுக்கும்படி ஃபாஸ்ட்ட்ராக் ரூலை மாற்றினால் சரியாகிவிடும். இதையெல்லாம் யாரோ ஒருவர் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பதுதான் மைக்ரோடிக்கின் உண்மையான விலை.

பிஎஃப்சென்ஸில் தனி மார்க் எதுவும் வேண்டாம். லேன் ஃபயர்வால் ரூலைத் திறந்து, அட்வான்ஸ்டு பகுதியில் கேட்வேயை, அதாவது எந்த லைன் என்பதை, தேர்ந்தெடுத்தால் முடிந்தது. ரூல்கள் மேலிருந்து கீழே, முதலில் பொருந்துவது ஜெயிக்கும். ஆனால் கேட்வே குறிப்பிட்ட ரூல் பொருந்திய எல்லாவற்றையும் வெளியே தள்ளும், பக்கத்து வீலேனில் (தனியாகப் பிரித்த உள் நெட்வொர்க்கில்) இருக்கும் பிரிண்டருக்குப் போவதையும் சேர்த்து. உள் முகவரிகளுக்கு கேட்வே இல்லாத ரூல் ஒன்றை அதற்கு மேலே வைத்தாக வேண்டும். மைக்ரோடிக்கின் ரவுட்டிங் ரூலிலும் இதே கதைதான். அங்கே உள் முகவரிகளை மெயின் டேபிளுக்கு அனுப்பும் ரூல் மேலே வர வேண்டும்.

ஓபன்டபிள்யூஆர்டியில் பாலிசி ரவுட்டிங்குக்கு பிபிஆர் என்ற பேக்கேஜ். மற்ற இரண்டிலும் அவ்வளவு எளிதில்லாத ஒன்று இதில் சுலபம்: டொமைன் பெயரை வைத்தே பாலிசி எழுதலாம். ரவுட்டரிலேயே ஓடும் டிஎன்எஸ் சேவையான டிஎன்எஸ்மாஸ்க் பதில் தரும்போதே அந்த ஐபியை பாலிசிக்கான செட்டில் (ஐபி பட்டியலில்) சேர்த்துவிடும். அதற்கு டிஎன்எஸ்மாஸ்க்கின் முழுப் பதிப்பு வேண்டும். போனில் பிரைவேட் டிஎன்எஸ் (டிஎன்எஸ் கேள்வியை மறைத்து வெளி சர்வருக்கே அனுப்பும் வசதி) ஆன் செய்திருந்தால் ரவுட்டருக்கு அந்தக் கேள்வியே வராது, பாலிசியும் வேலை செய்யாது.

இனி லைன் படுத்தால். மைக்ரோடிக்கில் அந்த டேபிளில் உயிருள்ள ரூட் இல்லையென்றால் பாக்கெட் சத்தமில்லாமல் மெயின் டேபிளுக்குப் போய்விடும். வேண்டாமென்றால் 'லுக்அப் ஒன்லி இன் டேபிள்' போட வேண்டும். பிஎஃப்சென்ஸும் டிஃபால்ட்டாக டிஃபால்ட் கேட்வேக்கே மாற்றிவிடும். கேட்வே இறந்தால் ரூலைத் தவிர்க்கும் ஆப்ஷன் உண்டு. ஆனால் அதை டிக் செய்துவிட்டு நிம்மதியாக இருந்தால், கீழே இருக்கும் 'எல்லாம் அனுமதி' ரூல் அதே டிராஃபிக்கைப் பிடித்து வெளியே விட்டுவிடும். நடுவில் ஒரு பிளாக் ரூல் கட்டாயம். பிபிஆர் இதற்கு நேர்மாறு: ஸ்ட்ரிக்ட் என்ஃபோர்ஸ்மென்ட் ஆரம்பத்திலேயே ஆன், லைன் இல்லையென்றால் டிராஃபிக் நிற்கும். விபிஎன் வழியாக மட்டுமே போக வேண்டியவற்றுக்கு எனக்கு இந்தக் குணம்தான் பிடிக்கும். விருந்தினர் வைஃபைக்கும் அப்படியே. இரண்டாவது லைன் போனதும் அத்தனை யூடியூபும் கணக்குப் பிரிவின் லைனில் வந்து விழ வேண்டியதில்லை.

லைன் இறந்தது என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? மைக்ரோடிக்கின் 'செக் கேட்வே பிங்' 10 விநாடிக்கு ஒருமுறை கேட்கும், இரண்டு முறை பதில் இல்லையென்றால் ரூட்டை எடுத்துவிடும். ஆனால் கேட்பது அடுத்த கருவியிடம், அதாவது பல அலுவலகங்களில் அதே அறையில் இருக்கும் மோடத்திடம். தெருவில் ஃபைபர் அறுந்தாலும் மோடம் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும். வெளியே உள்ள ஐபியைப் பார்க்க ரிகர்சிவ் ரூட் (இன்னொரு ரூட் வழியாகக் கேட்வேயைத் தேடும் ரூட்) எழுத வேண்டும்; ஸ்கோப், டார்கெட் ஸ்கோப் என்று தலை சுற்றும். பிஎஃப்சென்ஸில் மானிட்டர் ஐபி என்ற கட்டத்தில் வெளி ஐபி ஒன்றை நிரப்பினால் போதும். பாக்கெட் இழப்பு டிஃபால்ட்டாக 20 சதவீதத்தைத் தாண்டினாலே லைன் டவுன். பிபிஆர் இந்த வேலையைச் செய்வதில்லை, அதற்கு எம்வேன்3 என்ற பேக்கேஜ் தனி.

இரண்டாவது லைன் வழியாக வெளியிலிருந்து கேமரா பார்க்க வேண்டுமென்றால் பிஎஃப்சென்ஸ் பதிலை வந்த வழியே தானாகத் திருப்பி அனுப்பும். மைக்ரோடிக்கில் அதற்கும் கையால் கனெக்‌ஷன் மார்க்.

நெட்வொர்க் ஆள் தினமும் இல்லாத அலுவலகம் என்றால் என் ஓட்டு பிஎஃப்சென்ஸுக்கு, தனியாக ஒரு சிறு பிசி வாங்க வேண்டியிருந்தாலும். பத்துக் கிளைகளில் ஒரே கான்ஃபிகை டெக்ஸ்டாக ஏற்றுபவருக்கு மைக்ரோடிக். வீட்டில் சில தளங்கள் மட்டும் விபிஎன்னில் போனால் போதும் என்பவர் ஓபன்டபிள்யூஆர்டியைத் தாண்டிப் பார்க்க வேண்டாம். எதை வைத்தாலும், சோதிக்கும்போது ரவுட்டருக்கு வரும் கேபிளைப் பிடுங்காமல், மோடத்துக்குப் பின்னால் வரும் ஃபைபரைக் கழற்றிப் பாருங்கள். அப்போதே ஐபி போனில் ஒரு கால் போட்டு, லைன் திரும்பிய பிறகும் போட்டுப் பாருங்கள். பழைய இணைப்பு பழைய லைனையே பிடித்துக்கொண்டிருந்தால் அங்கே தெரிந்துவிடும்.