ஐகான் தொகுப்பை நிறுவ எந்த வழி: ஆப்ட்டா, வீட்டு அடைவா?

பாளையங்கோட்டையில் நான் வேலை பார்க்கும் டி.டி.பி. கடையில் மூன்று கணினிகளிலும் லினக்ஸ் மின்ட் என்னும் இயங்குதளத்தின் எக்ஸ்.எஃப்.சி.ஈ. (எளிய திரைத்தோற்றம் கொண்ட) பதிப்புதான் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகையும் கோயில் கொடை நோட்டீஸும் வடிவமைக்கும் மூத்த அண்ணாச்சி ஒருவருக்கு, கூட வந்த ஐகான்களில் கோப்புறை எது, கோப்பு எது என்று சட்டெனப் பிரித்தறிய முடியவில்லை. அவருக்காகவே பேப்பிரஸ் ஐகான் தொகுப்பை நிறுவத் தொடங்கி, இரண்டு வழிகளையும் சோதித்துப் பார்த்தேன்.

முதல் வழி, இயங்குதளத்தின் களஞ்சியத்திலிருந்து (மென்பொருள்கள் சேர்த்து வைக்கப்பட்டிருக்கும் இணைய இடம்) ஆப்ட் என்னும் நிறுவல் கருவி மூலம் நிறுவுவது. முனையத்தில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்தில், ஒரே ஒரு கட்டளை போதும். தொகுப்பு கணினியின் பொது அடைவுக்கு (அடைவு என்பதும் கோப்புறைதான்) போய்விடுவதால், அந்தக் கணினியில் கணக்கு வைத்திருக்கும் எல்லோரும் தோற்ற அமைப்பில் அதைத் தேர்ந்துகொள்ளலாம். நிர்வாகி உரிமையுடன் திறக்கும் செயலிகளும் அதே அடைவைப் படிக்க முடியும். களஞ்சியத்தில் இருப்பது சில மாதங்கள் பழைய பதிப்பாக இருக்கலாம் என்பது குறைதான். ஆனால் கடை வேலைக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

இரண்டாவது வழி, சுருக்கப்பட்ட கோப்பைப் பதிவிறக்கி, வீட்டு அடைவில், அதாவது ஒவ்வொரு கணக்குக்கும் உரிய சொந்த அடைவில், புள்ளியுடன் தொடங்கும் 'ஐகான்ஸ்' என்ற மறைந்த அடைவுக்குள் விரித்து வைப்பது. இதற்கு நிர்வாகி கடவுச்சொல் தேவையில்லை. புத்தம் புதிய பதிப்பும் கிடைக்கும். பிடிக்காவிட்டால் அடைவை அழித்தாலே போதும். ஆனால் அந்த ஒரு கணக்குக்கு மட்டுமே அது தெரியும். விரிக்கும்போது அடைவுக்குள் இன்னோர் அடைவு உருவாகி, 'இண்டெக்ஸ் டாட் தீம்' என்னும் விவரக் கோப்பு ஒரு படி கீழே போய்விட்டால், தொகுப்பின் பெயர் பட்டியலிலேயே வராது.

இந்த வழியில் நான் செய்த பிழையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கல்லிடைக்குறிச்சியில் என் வீட்டுக் கணினியில் தொகுப்பை விரித்து, விரித்த அடைவை அப்படியே பென் டிரைவில் நகலெடுத்தேன். நடுவே பிழைச் செய்திகள் வந்தபோது, எல்லாவற்றையும் தவிர்க்கும்படி கொடுத்துவிட்டேன். மறுநாள் கடையில் அதைப் போட்டதும் அண்ணாச்சி, "தம்பி, போல்டர் படத்தையே காணுமே, என்ன செஞ்சிய?" என்று கேட்டார். பேப்பிரஸில் ஆயிரக்கணக்கான ஐகான்கள் தனிப் படங்கள் அல்ல, வேறொரு படத்தைச் சுட்டும் குறியீட்டு இணைப்புகள். பொதுவான கோப்புறை ஐகானும் நீலக் கோப்புறையைச் சுட்டும் ஓர் இணைப்புதான். என் பென் டிரைவில் இருந்த ஃபேட்32 கோப்பு முறைமையால் இத்தகைய இணைப்புகளை வைத்திருக்க முடியாது. ஆகவே அவை அத்தனையும் வழியிலேயே உதிர்ந்துவிட்டிருந்தன. சுருக்கப்பட்ட கோப்பாகவே கொண்டுவந்து, கடைக் கணினியில் விரித்திருந்தால் ஒரு சிக்கலும் வந்திராது.

நிறுவல் ஸ்கிரிப்டுடன் (நிறுவும் கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு) வரும் தொகுப்புகளும் உண்டு. அவை எந்த அடைவில் எழுதும் என்பதைத் திறந்து படிக்காமல் நிர்வாகி உரிமையில் இயக்குவதை நான் ஏற்பதில்லை.

பலர் பயன்படுத்தும் கணினிக்கு ஆப்ட் வழியே சிறந்தது என்பதே என் முடிவு. சொந்தக் கணினியில் புதிய தொகுப்புகளைச் சோதிக்க வீட்டு அடைவே வசதி. ஆப்ட்டில் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். அண்ணாச்சி கேட்டபடி கோப்புறை நிறத்தை ஆரஞ்சுக்கு மாற்ற, பேப்பிரஸுக்கென்றே உள்ள சிறு ஸ்கிரிப்டைப் பயன்படுத்தினேன். அது மாற்றுவதும் அதே குறியீட்டு இணைப்புகளைத்தான் என்பதால், தொகுப்பு புதுப்பிக்கப்படும்போது நிறம் மறுபடி நீலமாகிவிடும். ஸ்கிரிப்டை இன்னொரு முறை இயக்க வேண்டியிருக்கும். வீட்டு அடைவில் முன்பு விரித்த நகல் இருந்தால், ஆப்ட்டில் நிறுவும் முன் அதை அழித்துவிட வேண்டும். பெயர் ஒன்றாக இருந்தால் வீட்டு அடைவில் உள்ளதே முதலில் படிக்கப்படும்.