ஜிவெர்னியா, விலாந்த்ரியா? வசந்தத்தில் ஸ்கெட்ச் புத்தகத்தோடு

பிரான்ஸில் வசந்த காலத்தில் தோட்டம் வரையப் போகும் ஓவியருக்கு ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால், என் ஓட்டு விலாந்த்ரிக்கு.

ஜிவெர்னி, ஓவியர் குளோத் மோனே 1883 முதல் 1926-ல் இறக்கும்வரை வாழ்ந்த ஊர். பாரிஸின் சேன் லசார் நிலையத்திலிருந்து வெர்னோனுக்கு ரயில், அங்கிருந்து பஸ். அவருடைய தோட்டம் ஏப்ரல் தொடக்கத்தில் திறக்கிறது. டியூலிப் பூக்கள் வண்ணக் கலவரமாக நிற்கும். மே மாதம் ஐரிஸும், குளத்து ஜப்பானியப் பாலத்தின் மேல் விஸ்டீரியாக் கொடியும். அல்லிகளை மட்டும் எதிர்பார்க்காதீர்கள், அவை கோடையில்தான் பூக்கும். வாட்டர்கலருக்கு அருமையான இடம். ஆனால் பாதைகள் குறுகல், கூட்டமோ அதிகம். பாலத்தில் நின்று நிதானமாக வரைவதெல்லாம் கனவு.

விலாந்த்ரி வேறு ரகம். லுவார் பகுதியில், தூர் நகருக்கு அருகே உள்ள 16-ஆம் நூற்றாண்டுக் கோட்டை மாளிகை அது. 1906-ல் அதை வாங்கிய ஸ்பானியரான ஜோகிம் கார்வாயோ, மறுமலர்ச்சிக் காலப் பாணியில் தோட்டங்களை மீட்டமைத்தார். காய்கறித் தோட்டமே ஒன்பது சதுரங்கள்; ஒவ்வொன்றிலும் வேறு கோலம். வசந்தத்தில் ஒரு நடவு, கோடையில் இன்னொரு நடவு. ஏப்ரலில் செடிகள் சின்னதாக இருப்பதால் வெட்டிய செடிவேலிகளின் கோடுகள் தெளிவாகத் தெரியும், பேனா ஓவியத்துக்கு அதுதானே வேண்டும்! மேல்தளத்திலிருந்து மொத்தமும் ஒரே பார்வையில் அடங்கும். வண்ணம் குறைவுதான், சரி. அலங்காரத் தோட்டத்து டியூலிப்கள் அதை ஓரளவு ஈடுகட்டும். பாரிஸிலிருந்து தூரம் என்பதால் தூர் நகரிலேயே ஓர் இரவு தங்கிவிட்டு, காலையில் கிளம்புங்கள்.