கூகுள் அலர்ட்ஸா, ஆர்எஸ்எஸ் ரீடரா?

செய்தி எந்தத் தளத்தில் வரும் என்றே தெரியாதபோது, நாம் கொடுத்த சொல் இணையத்தில் புதிதாக வந்தால் மின்னஞ்சலில் தெரிவிக்கும் கூகுள் அலர்ட்ஸ்தான் சரி. ஆனால் 'சிறந்த முடிவுகள் மட்டும்' என்பதை 'எல்லா முடிவுகளும்' என்று மாற்றிவிடுங்கள். இல்லையேல் சின்னத் தளங்கள் விடுபடலாம். தமிழுக்கென்று ஒரு சிக்கலும் உண்டு: மேற்கோள் குறிக்குள் "மேட்டூர் அணை" என்று கொடுத்தால் "மேட்டூர் அணையின்" சிக்காமல் போகலாம். உருபேற்ற வடிவங்களுக்குத் தனித்தனி அலர்ட் போடுவதே நல்லது.

தளங்கள் தெரிந்திருந்தால், அவற்றின் புதிய பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டிக் காட்டும் ஆர்எஸ்எஸ் ரீடரே மேல். எதையும் தானாக வடிகட்டாது. ஒன்றைக் கவனியுங்கள்: வேர்ட்பிரஸ் மென்பொருளில் இயங்கும் தளங்களின் ஃபீடில் (ரீடர் எடுத்துக்கொள்ளும் பதிவுப் பட்டியலில்) வழக்கமாகக் கடைசி 10 பதிவுகளே இருக்கும். கணினியில் மட்டும் ஓடும் ரீடரை ஒரு வாரம் திறக்காவிட்டால், நாளுக்கு 5 பதிவு போடும் தளத்தில் 25 பதிவுகள் கைநழுவிவிடும். சர்வரில் ஓடும் ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ் என்ற ரீடரில், மணிக்கொருமுறை புதுப்பிக்க அமைத்துவிட்டால், அந்தக் கவலை இல்லை.