பாரிமுனை மெஸ்ஸில் சில்லறைக்காகக் காத்திருந்த கதை

ஆறு வருஷம் கழித்து மெல்போர்னிலிருந்து சென்னை வந்தேன். வங்கி, சிம் கார்டு, பட்டா என்று மூன்று வாரம் அலைந்ததைத் தனியாக எழுதினால்தான் தீரும். இப்போதைக்கு லிங்கிச் செட்டித் தெரு பக்கத்துச் சந்தில் ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டதை மட்டும் எழுதுகிறேன். இந்தப் பயணத்தில் போன காரியம் போன நேரத்தில் முடிந்தது என்றால் அது ஒன்றுதான், அதுவும் பில் வரும்வரைக்கும்தான்.

ஐகோர்ட் மெட்ரோவில் இறங்கினேன். 2019ல் திறந்த பாதை அது. கீழே ஏசி, மேலே ஏறி வந்தால் வெயில், ஹாரன், இரும்புக் கம்பி ஏற்றிய மீன்பாடி வண்டி. ஒரு பக்கம் 1892ல் கட்டிய ஐகோர்ட்டின் சிவப்புக் கும்மட்டங்கள், இன்னொரு பக்கம் தாமஸ் பாரி 1788ல் தொடங்கிய கம்பெனியின் பெயரை இன்னும் சுமந்துகொண்டிருக்கிற முனை. இந்த வட்டாரத்துக்கு ஜார்ஜ் டவுன் என்ற பெயரே 1911ல்தான் வந்தது, அதற்கு முன்னால் கறுப்பர் பட்டணம். அப்பா இந்தப் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் இருபத்திரண்டு வருஷம் குமாஸ்தாவாக இருந்தார். கேரியர் கொண்டு போகாத நாளில் இங்கேதான் சாப்பிடுவார் என்று அம்மா சொன்னதால் தேடிப் போனேன். பெயர்ப் பலகையில் பாதி எழுத்து இல்லை. சாம்பார் வாசனையை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

ஒரு மணிக்கு முன்னால் போய்விடுங்கள். அப்புறம் ஜூனியர் வக்கீல்கள் கழுத்துப் பட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு கூட்டமாக வருவார்கள், ஷிப்பிங் ஆபீஸ் பையன்கள் வருவார்கள், சாப்பிடுகிறவர் முதுகுக்குப் பின்னாலேயே அடுத்தவர் நிற்பார். எனக்கு உட்கார்ந்த உடனே இலை விழுந்தது. பீன்ஸ் பொரியல், பூசணிக் கூட்டு, சோறு, சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர், அப்பளம். மீன் வேண்டுமென்றால் தனிக் காசு. சாம்பார் சுமார்தான், கொஞ்சம் தண்ணீர். ஆனால் அந்த வத்தக்குழம்பு! சுண்டைக்காய் கருகுவதற்கு ஒரு நொடி முன்னால் எடுத்திருக்கிறார்கள், நல்லெண்ணெய் மேலே மிதக்கிறது. மூன்றாம் முறை கேட்டபோது சப்ளையர், "இதுக்கே வந்தீங்களாண்ணே?" என்றார், கிண்டலா இல்லையா என்று தெரியவில்லை. நெத்திலி வறுவலும் சேர்த்து 180 ரூபாய்.

ஐந்நூறை நீட்டினேன். கல்லாவில் இருந்த பெரியவர் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஸ்கேன் இல்லையா தம்பி?"

இல்லை. ஆஸ்திரேலியா உட்பட பத்து நாட்டு போன் நம்பர்களை என்ஆர்ஐ கணக்கோடு இணைத்து யுபிஐ பயன்படுத்தலாம் என்று 2023லேயே அறிவித்துவிட்டார்கள், ஆனால் என் வங்கியின் ஆப் என் நம்பரைப் பார்த்ததும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கிளைக்குப் போனால் படிவம் கொடுக்கிறார்கள், கொடுத்த படிவம் பழைய படிவம் என்று அடுத்த நாள் திருப்பி அனுப்புகிறார்கள். வெளிநாட்டு கார்டு இந்தத் தெருவில் செல்லாக்காசு.

"யாராச்சும் கேஷா கொடுத்தா சில்லறை வரும், ஃபேனுக்குக் கீழ உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். ஒருத்தரும் கேஷ் கொடுக்கவில்லை. கல்லாப் பக்கத்துப் பெட்டி நூறு ரூபாய் பெறப்பட்டது, நூற்றெண்பது ரூபாய் பெறப்பட்டது என்று சொல்லிக்கொண்டே இருந்தது. வேறு வேலை இல்லாததால் அண்ணாந்து பார்த்தேன்.

பழைய சென்னைக் கட்டடங்களுக்கே உரிய மேல்தளம், அசல் மெட்ராஸ் டெரஸ். நெருக்கமாகத் தேக்குக் கட்டைகள், அவற்றின்மேல் விரல் கனச் செங்கற்களைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி, மூலைவாட்டமான வரிசைகளில் சுண்ணாம்புக் காரையில் பதித்திருக்கிறார்கள். அதற்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் தெளித்து, ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் மரக்கட்டையால் தட்டித் தட்டி இறுக்குவார்கள் என்று அப்பா சொல்லியிருக்கிறார். சுவர் இரண்டு முழ அகலம். அந்த வெயிலிலும் உள்ளே வெக்கை இல்லை. சமையல்கட்டுப் பக்கம் மட்டும் கட்டைகள் புகையில் கரிப்பிடித்து, ஒன்றுக்கு இரும்பு முட்டுக் கொடுத்திருந்தது. அதற்கு நேர்கீழே இருந்த மேஜையில்தான் நான் சாப்பிட்டிருக்கிறேன்.

முன்பு கீழே கிடங்கு, மேலே ஆபீஸ். இப்போது மாடிக்குப் பூட்டு, கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று ஆள் உயரத்துக்கு நிற்கிறது. அதை யார் வெட்டுவது என்று கேட்டேன். "வீட்டுக்காரங்க கேஸ்ல இருக்காங்க, நாங்க வாடகைக்குத்தானே தம்பி" என்றார் பெரியவர். இரண்டு நாள் முன்னால் சித்தப்பா பையன் கூட்டிப்போன இடத்தில் புதுச் சிமெண்ட் சுவருக்குப் பழங்காலச் சாயம் அடித்து, பித்தளைத் தட்டு வைத்து, ஆளுக்கு ஆயிரத்து இருநூறு வாங்கினார்கள். இங்கே நிஜமான பழசு ஒழுகிக்கொண்டிருக்கிறது.

கழிவறை பற்றிக் கேட்காதீர்கள். பின்கட்டில் ஒன்று இருக்கிறது, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டுதான் போக வேண்டும். குடும்பத்தோடு போகிறவர்கள் மெட்ரோ ஸ்டேஷனிலேயே முடித்துக்கொண்டு வருவது நல்லது.

இருபது நிமிஷம் கழித்து லோடு இறக்குகிற ஆட்கள் நாலு பேர் வந்து சாப்பிட்டு, மடியிலிருந்து கசங்கிய நோட்டுகளாகக் கொடுத்தார்கள். பெரியவர் எச்சில் தொட்டு இரண்டு தடவை எண்ணி 320ஐ என் கையில் வைத்தார். அதில் ஒரு இருபது ரூபாய் நோட்டுக்கு நடுவில் செல்லோடேப் ஒட்டியிருந்தது. ஆட்டோக்காரர் அதை வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

அடுத்த வியாழன் மறுபடி போகிறேன், நூறு ரூபாய் நோட்டுகளோடு.